கையில் பி.இ. டிகிரி, தலைக்கு மேல் கல்விக்கடன்: முதல் வேலை கிடைக்கும் வரை என்ன செய்யலாம், எதில் சிக்கக் கூடாது?

கடைசி செமஸ்டர் முடிந்த நாளிலிருந்தே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. கல்விக்கடன் வாங்கி பொறியியல் படித்தவர்களுக்கு, படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரைதான் வங்கி காத்திருக்கும். அதன் பிறகு மாதத் தவணை. வேலை கிடைச்சதா இல்லையா என்று தவணைத் தேதி கேட்காது.

இந்த 12 மாதங்களுக்குள்தான் எல்லாமே நடக்கிறது. ஆஃபர் வந்தும் ஜாயினிங் தேதி வராமல் இழுப்பது, "இன்னும் எத்தனை நாளைக்கு வீட்ல இருப்பே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பது, "இரண்டு லட்சம் கட்டினா வேலை கன்ஃபார்ம்" என்று ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வருவது. சந்தை மந்தமாக இருக்கும் வருடங்களில் இந்தப் போன்கள் அதிகமாக வரும். அவசரத்தில் எடுக்கும் ஒரு தவறான முடிவு, வேலையில்லாமல் இருந்த மாதங்களைவிட அதிக சேதத்தை உண்டாக்கிவிடும்.

முதல் வேலைக்கு இன்று எந்தெந்த வழிகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கைக்கு எவ்வளவு வரும், எங்கே ஏமாற வாய்ப்பு என்று பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க நிறுவனங்கள் ஆன்லைனுக்கு மாறியபோது ஐடி துறையில் ஆள் எடுப்பு உச்சத்துக்குப் போனது. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டும் சுமார் 1 லட்சம் ஃபிரெஷர்களை எடுத்தது. அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸை தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் படித்து முடிப்பதற்குள் காற்று திசை மாறிவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வட்டி விகிதம் ஏற, வாடிக்கையாளர் நிறுவனங்கள் செலவைக் குறைத்தன. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்றின் மொத்த ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்தது. அடுத்த ஆண்டு ஆள் எடுப்பு திரும்பியது என்றாலும் பழைய அளவுக்கு இல்லை. டிசிஎஸ் 2024-25-ல் சுமார் 42,000 பயிற்சிப் பொறியாளர்களைச் சேர்த்தது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. செப்டம்பரில் புதிய எச்1பி விசா விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார்.

இன்னொரு பக்கம் சீட் பெருகியது. தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ, டேட்டா சயின்ஸ் இடங்கள் கூடின. சிவில், மெக்கானிக்கல் சுருங்கின.

ஆக, வாசல் சிறிதாகும்போது வரிசை நீண்டுகொண்டே போகிறது. இதில் மாணவனின் தவறு என்று எதுவும் இல்லை. "ஏஐ வந்துடுச்சு, அதான் வேலை இல்ல" என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. ஏஐ ஒரு காரணம்தான். முன்பு ஃபிரெஷர்களுக்குக் கொடுத்துப் பழக்கும் டெஸ்டிங், சப்போர்ட், எளிய கோடிங் வேலைகளை இப்போது குறைந்த ஆட்களை வைத்தே முடிக்க முடிகிறது. ஆனால் மந்தம் தொடங்கியது அதற்கும் முன்பே.

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, அப்போ வேலை உறுதியா?

இல்லை. இங்கதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

கேம்பஸில் முதலில் தருவது பல நேரங்களில் லெட்டர் ஆஃப் இன்டென்ட். "உங்களைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறோம்" என்பதுதான் அதன் அர்த்தம். அதன் பிறகு ஆஃபர் லெட்டர், அதில் சம்பள விவரம். அதற்கும் பிறகு ஜாயினிங் தேதி. வேலையில் சேர்ந்த பின் பணி நியமன ஆணை. கடைசிக் காகிதம் கைக்கு வரும்வரை இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம்.

உதாரணங்கள் நிறைய இருக்கின்றன. 2022-ல் இன்ஃபோசிஸில் தேர்வான சுமார் 2,000 பேருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஜாயினிங் தரவில்லை என்று நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு 2024-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அதன் பிறகு தேதிகள் கிடைத்தன. 2025 பிப்ரவரியில், மைசூரு வளாகத்தில் உள் தேர்வுகளில் மூன்று முறையும் தேர்ச்சி பெறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அந்த நிறுவனம் வெளியேற்றியது. விப்ரோ 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் பெற்றிருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டது.

இதிலிருந்து தெரிய வேண்டியது இரண்டு விஷயம். ஜாயினிங் தேதி வரும்வரை மற்ற கம்பெனிகளுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தக் கூடாது. "ஒரு ஆஃபர் இருக்கு, போதும்" என்று மற்ற கேம்பஸ் டிரைவ்களில் உட்கார விடாத கல்லூரி விதி உங்கள் கல்லூரியில் இருந்தால், பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வைப்பது நல்லது. இரண்டாவது, பயிற்சிக் காலத்தையும் தேர்வாகவே நினைக்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் எத்தனை தேர்வு, எத்தனை வாய்ப்பு, தேறாவிட்டால் என்ன என்பது எழுதியிருக்கும். பெரும்பாலானோர் சம்பளப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு கையெழுத்து போட்டுவிடுகிறார்கள்.

கல்லூரி விளம்பரங்களில் வரும் "95% பிளேஸ்மென்ட்" பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மாணவர் மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்றாகக் கணக்குக் காட்டும் கல்லூரிகள் உண்டு. என்ஐஆர்எஃப் தரவரிசைக்காக கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரத்தில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுத்தர சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். கல்லூரி இணையதளத்திலேயே அது கிடைக்கும். தம்பி, தங்கைக்கு கல்லூரி தேடுபவர்கள் பேனரை விட்டுவிட்டு அதைப் பார்க்கலாம்.

3.6 லட்சம் பேக்கேஜ் என்றால் கைக்கு எவ்வளவு?

ஃபிரெஷர் சம்பளம் ஐடி சேவை நிறுவனங்களில் பத்து வருடத்துக்கு மேலாக பெரிதாக நகரவில்லை. அப்போதும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல், இப்போதும் 3.36 லட்சம், 3.6 லட்சம் என்றே இருக்கிறது. டிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே தேர்வில் நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று பிரித்து, கோடிங்கில் தனியாகத் தெரிபவர்களுக்கு 7 லட்சம், 9 லட்சம் என்று தருகின்றன. ஆனால் பெரும்பாலானோர் முதல் படியில்தான் சேர்கிறார்கள்.

3.6 லட்சத்தை 12-ஆல் வகுத்து "மாசம் முப்பதாயிரம்" என்று வீட்டில் சொல்லிவிட வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800 ரூபாய், கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் சுமார் 720 ரூபாய், இரண்டும் இந்த 30,000-க்குள்ளேயே அடக்கம். அடுத்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800. சென்னையில் தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200. வேரியபிள் பே என்று 5 சதவீதத்தைப் பிடித்து வைத்தால் இன்னொரு 1,500. மிஞ்சுவது ஏறக்குறைய 24,000 ரூபாய். வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது.

இதில் கல்விக்கடன் எங்கே வருகிறது? 5 லட்சம் நிலுவை, 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் தவணை மாதம் சுமார் 6,750 ரூபாய். மீதி 17,000-ல் ஓஎம்ஆரிலோ பெங்களூருவிலோ பிஜி வாடகை, சாப்பாடு, பஸ். வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. பெற்றோருக்கு இந்தக் கணக்கை முன்பே சொல்லிவிடுவது, முதல் சம்பளத்தன்று வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

ஒரு சின்ன ஆறுதல். மத்திய அரசின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவின் கீழ், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31-க்குள் முதல்முறையாக பிஎஃப் கணக்குடன் வேலைக்குச் சேர்பவர்களுக்கு, மாதச் சம்பளம் 1 லட்சத்துக்குள் இருந்தால், அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்த பின் ஒரு பகுதி, ஓராண்டு முடிந்து நிதி அறிவுப் பயிற்சியும் முடித்த பின் மறு பகுதி. இதற்காக யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை.

கேம்பஸில் கிடைக்கலை. அடுத்து?

ஆஃப்-கேம்பஸ்தான். அதில் மூன்று தடைகள் வரும்.

முதல் தடை ஆள் பார்ப்பதற்கு முன்பே விழுகிறது. 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் என்ற கட்ஆஃப், நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை. பெரிய நிறுவனங்களில் இதைக் கணினியே வடிகட்டிவிடும். நிலுவையில் ஒரே ஒரு பேப்பர் இருந்தாலும் அதை முடிப்பதுதான் முதல் வேலை. பத்து சான்றிதழ் கோர்ஸைவிட அந்த ஒரு பாஸ் அதிகக் கதவுகளைத் திறக்கும். ஏற்கெனவே முடித்துவிட்ட பழைய அரியரை பல நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, பொதுத் திறன் தேர்வு. டிசிஎஸ் நடத்தும் என்கியூடி போன்றவற்றில் கணிதத் திறன், ஆங்கிலம், தர்க்கம், கோடிங் என்று வரும். சதவீதம், வேலை-நேரம், ரயில் கணக்கு என்று எட்டாம் வகுப்பில் போட்ட கணக்குகள்தான். விடை தெரியாமல் தோற்பவர்களைவிட நேரம் போதாமல் தோற்பவர்களே அதிகம். தினமும் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகினால் இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, நேர்காணல். ரெஸ்யூமில் எழுதியிருக்கும் ஃபைனல் இயர் புராஜெக்ட் பற்றித்தான் முதல் கேள்வி வரும். கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். சின்னதாக இருந்தாலும் தானே செய்தது ஒன்று இருக்க வேண்டும். ஊர்க் கடைக்கு பில் போடும் ஒரு சாஃப்ட்வேர், கிணற்று மோட்டாரை போனிலிருந்து நிறுத்தும் ஒரு சர்க்யூட், எதுவாக இருந்தாலும் சரி. ஏன் இப்படிச் செய்தாய், எங்கே சொதப்பியது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆங்கிலம்? தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதுதான் பெரிய பயம். சேவை நிறுவனங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருப்பதால் ஓரளவு தேவைதான். ஆனால் அங்கு எதிர்பார்ப்பது தெளிவு. தன் புராஜெக்டை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குவதை போனில் பதிவு செய்து, கேட்டு, திருத்தி, மறுபடி பதிவு செய்வது காசில்லாத பயிற்சி.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. நிறைய இடங்கள் ரெஃபரல் மூலமே நிரம்புகின்றன. அதே கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்த சீனியர், அண்ணனோ அக்காவோ, தன் கம்பெனியின் உள் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்தால் ரெஸ்யூம் குறைந்தபட்சம் ஒருவர் கண்ணில் படும். "அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. எந்தப் பணி, அதன் அறிவிப்பு எண், தன் ரெஸ்யூம் மூன்றையும் அனுப்பிக் கேட்டால் அவர் செய்வதற்கு எளிது.

மாநில அரசின் பக்கம், 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகளும் வேலைவாய்ப்பு முகாம்களும் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்களை நடத்துகின்றன. இந்த முகாம்களுக்கு கட்டணம் கிடையாது. அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்கள் அதற்குத் தகுதியில்லை.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு?

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு வேறு பல மாநிலங்களில் இல்லாத ஒரு வசதி, பக்கத்திலேயே ஆலைகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்தில் கார், மின்னணு நிறுவனங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டாடா எலக்ட்ரானிக்ஸ். கோவையில் பம்ப், வார்ப்படம், இயந்திர பாகங்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது.

ஆனால் ஆலை வந்தால் பொறியாளருக்கு வேலை வரும் என்பது பாதி உண்மை. லைனில் நிற்கும் வேலைக்கு ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களைத்தான் நிறுவனங்கள் விரும்புகின்றன. பி.இ. முடித்தவர் வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார் என்ற எண்ணம் அவர்களுக்கு. கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி என்ற ஜிஇடி இடங்கள் கொஞ்சம்தான். அதற்குக் கீழே, ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் ஆஃப்-ரோலில் எடுக்கும் வேலைகள் அதிகம். பல இடங்களில் மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய்தான், ஷிப்டும் உண்டு. கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் இருப்பதால் செலவு குறைவு என்பது உண்மை.

அப்போ போகலாமா, வேண்டாமா? வேலையின் பெயரைப் பார்க்காமல் எந்தத் துறையில் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பது நல்லது. குவாலிட்டி, மெயின்டனன்ஸ், டூல் ரூம், பிஎல்சி புரோகிராமிங் என்றால் ஒரு வருடத்தில் கையில் தொழில் இருக்கும். அடுத்த கம்பெனிக்குப் போகும்போது அதற்கு விலை உண்டு. மூன்று ஷிப்டிலும் அட்டைப்பெட்டி எண்ணும் வேலை என்றால், இரண்டு வருடம் கழித்தும் ரெஸ்யூமில் எழுத ஒன்றும் இருக்காது.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு வழி, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிகளுக்கான பிரிவை நேட்ஸ் என்ற மத்திய அரசு இணையதளம் மூலம் நடத்துகிறார்கள். தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இதன் வழியாக ஆள் எடுக்கின்றன. பல அறிவிப்புகளில் எழுத்துத் தேர்வே இருக்காது, மதிப்பெண் பட்டியல்தான்.

உதவித்தொகை 2019 விதிகளின்படி பட்டதாரிகளுக்கு குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய். இதை 12,300 ஆக்கலாம் என்று 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்தது. விண்ணப்பிக்கும் அறிவிப்பில் எந்தத் தொகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு முடிந்ததும் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் இருந்தால் சேர முடியாது, பட்டம் வாங்கி நிறைய வருடம் ஆகிவிட்டாலும் முடியாது. அதனால் இது முதல் வருடத்திலேயே யோசிக்க வேண்டிய வழி. வெளியே 15,000-க்கு ஆஃப்-ரோல் வேலை கிடைக்கும்போது இதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பெல் போன்ற ஆலையில் ஒரு வருடம் இருந்த அனுபவம் ரெஸ்யூமில் வேறு எடை பெறும் என்பதுதான் பதில்.

அரசுத் தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேட் மதிப்பெண் வைத்து பொதுத்துறை நிறுவனங்கள் சில எடுக்கின்றன, எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே ஜேஇ தேர்வுகளும் இருக்கின்றன. இவற்றுக்கு உட்காருவதாக இருந்தால் எத்தனை முறை முயற்சி, எந்த மாதம் வரை என்று முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யாமல் இறங்குவது ஆபத்து.

"தம்பி, எச்ஆர் நம்ம ஆளுதான்": பணம் கட்டி வேலை வாங்கலாமா?

கூடாது. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு விதத்தில் கெடுக்கும்.

முதல் வகை, பேக்டோர். "பெரிய கம்பெனி, இன்டர்வியூ சும்மா ஃபார்மாலிட்டி, பாதிப் பணம் இப்போ, மீதி ஆஃபர் வந்ததும்" என்று பேசுவார்கள். கம்பெனியின் லோகோவோடு அச்சு அசலான ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வரும். ஜாயினிங் தினத்தன்று நுழைவாயிலில் செக்யூரிட்டி திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் தெரியும். எந்தப் பெரிய நிறுவனமும் வேலைக்காகவோ, லேப்டாப் டெபாசிட்டுக்காகவோ, பின்னணிச் சரிபார்ப்புக்காகவோ விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி ஜிமெயிலா, கம்பெனி பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பது, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு ஆஃபர் எண்ணை அனுப்பிக் கேட்பது, இரண்டும் பத்து நிமிட வேலை. பணம் போய்விட்டது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்தளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வகை நயமானது. "ஃபிரெஷருக்கு மார்க்கெட்ல வேலை இல்ல. மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், டிரெய்னிங்கும் தர்றோம்" என்று சொல்லும் கன்சல்டன்சிகள். சென்னையிலும் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. இதில் வேலை கிடைப்பதும் உண்டு என்பதால்தான் ஆபத்து. ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன் அப்படிச் சேர்ந்து 60,000 வாங்குகிறான் என்றதும் மனசு தடுமாறும்.

எப்படி மாட்டுகிறார்கள்? பெரும்பாலும் பிஎஃப் மூலம்தான். ஒவ்வொருவருக்கும் இருக்கும் யுஏஎன் எண்ணில், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தார், எப்போது விலகினார் என்று பணி வரலாறு பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பு நடத்தும் நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும். மூன்று வருட அனுபவம் என்று சொன்னவரின் யுஏஎன் போன மாதம் பிறந்திருந்தால் கதை முடிந்தது. இதைச் சமாளிக்க சில கன்சல்டன்சிகள் பேப்பர் கம்பெனி பெயரில் பிஎஃப் கட்டியே காட்டுகின்றன. அப்படிப்பட்ட கம்பெனிகளின் பட்டியலை பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, அவ்வப்போது பழைய ஊழியர்களையும் மறுபடி சரிபார்க்கின்றன. இரண்டு வருடம் நன்றாக வேலை செய்த பிறகு, ஒரு நாள் மதியம் கூப்பிட்டு வெளியே அனுப்பப்பட்டால் அந்த இரண்டு வருடமும் ரெஸ்யூமில் எழுத முடியாததாகிவிடும். சட்டப்படியும் இது சாதாரண விஷயம் இல்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 336-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. அதைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கும் தண்டனை உண்டு.

வெளிநாட்டு ஆசை காட்டுபவர்கள் மூன்றாவது ரகம். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000" என்று டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய், மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பலிடம் விட்டுவிடுகிறார்கள். இப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். ஐடி தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்தே இது நடப்பதாக வெளியுறவு அமைச்சகமும் எச்சரித்தது. வெளிநாட்டு வேலை ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர மேலே வாங்கக் கூடாது. டூரிஸ்ட் விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பாண்டில் கையெழுத்து போடச் சொல்கிறார்களே?

இரண்டு வருடம் விலகக் கூடாது, விலகினால் இத்தனை லட்சம் என்று பல சிறிய, நடுத்தர நிறுவனங்கள் கேட்கின்றன. "பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்து போட வேண்டாம். மூன்று ஆண்டு வேலை பார்க்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது ஒரு பொதுத்துறை வங்கியின் அதிகாரி பதவி சம்பந்தப்பட்ட வழக்கு. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்றில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. ஆனால் அதை நிரூபிக்க வக்கீல் நோட்டீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியது 22 வயதுப் பையனோ பெண்ணோதான்.

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "கம்பெனி லாக்கரில் பாதுகாப்பாக இருக்கும்" என்பவர்களிடம் சேர்வதைவிட சேராமல் இருப்பது மேல். தொகை எழுதாத வெற்று காசோலையும் கொடுக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமன ஆணை தருவது கட்டாயம். சேர்ந்த பிறகு அதைக் கேட்டு வாங்குவது உரிமை.

ஓராண்டு முடியப்போகிறது, வேலை இல்லை. கடனுக்கு என்ன செய்வது?

வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பதுதான் பலர் செய்வது. அதுதான் மோசமான வழி. தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் இருந்தால் அது வாராக் கடன். சிபில் அறிக்கையில் பையன் பெயர் மட்டுமல்ல, கடனில் சேர்ந்து கையெழுத்து போட்ட அப்பா, அம்மா பெயரும் கெடும். வேலைக்கும் இது குறுக்கே வரலாம்: கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை எஸ்பிஐ ரத்து செய்ததை சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது.

தவணை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய், வேலை இல்லாததை எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த வங்கியின் முடிவு. திருப்பிக் கட்டும் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டித்து தவணைத் தொகையைக் குறைக்கவும் கேட்கலாம். மொத்த வட்டி கூடும், ஆனால் கணக்கு கெடாது. எல்லாவற்றையும் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கிளையின் முத்திரையோடு பெற்றுக்கொள்ள வேண்டும்.

படிக்கும் காலத்திலும் அந்த ஓராண்டிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 40,000 ரூபாய். கடன் வாங்கியபோது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால், இந்த வட்டிக்கு மத்திய அரசின் மானியம் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. கல்லூரியோ பாடப்பிரிவோ அங்கீகாரத் தகுதி பெற்றிருக்க வேண்டும், வருமானச் சான்றோடு வங்கி பதிவு செய்திருக்க வேண்டும். கிளையில் கேட்கும்போது "மானியம் என் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டு வரை?" என்று இதையும் சேர்த்துக் கேட்டு, கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்துவிடலாம்.